கண்ணைப் பாதிக்கும் ரத்தப் புற்றுநோய்களைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணில் ஏற்பட்ட ஒரு குறைக்காக மருத்துவரிடம் சென்று, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, தண்டுவட நீர்ப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை என்று எங்கெங்கோ அனுப்பப்படுபவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எடுத்துக்கொண்டு, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சையைப் பற்றி இதில் அதிகம் இல்லை. நோய் இன்னதென்று உறுதி செய்யும் கட்டத்தில்தான் குழப்பமும் காலவிரயமும் மிகுதி என்பதால், அதையே பொருளாகக் கொண்டேன்.

ரத்தப் புற்றுநோய் ரத்தத்தில்தானே வரும்? கண்ணில் எப்படி வரும்?

ரத்த அணுக்களும் நிணநீர் அணுக்களும் உடலெங்கும் சென்றுவருபவை என்பதால், அவற்றிலிருந்து பிறக்கும் புற்றுநோய்களும் எந்த உறுப்பிலும் தலைகாட்டலாம். கண்ணைப் பொறுத்தவரை மூன்று குடும்பங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது: நிணநீர் அணுக்களில் தோன்றும் லிம்போமா, எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் லுக்கீமியா, எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களின் புற்றான மைலோமா.

இவை கண்ணைப் பாதிக்கும் விதமும் மூன்று. புற்றணுக்களே கண்ணின் திசுக்களுக்குள் வந்து குடியேறலாம். அணுக்கள் கண்ணுக்குள் வராமலே, ரத்தசோகையாலும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவதாலும், ரத்தம் தடித்துப்போவதாலும் விழித்திரை பழுதுபடலாம். நோயாலோ சிகிச்சையாலோ எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும்போது கண்ணுக்குள் கிருமித்தொற்றும் வரலாம். ஒருவருடைய கண்ணில் இம்மூன்றில் எது நடக்கிறது என்று பிரித்தறிவதே மருத்துவரின் வேலையில் பாதி. குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவும் பெரியவர்களுக்கு வரும் கண் மெலனோமாவும் கண்ணின் சொந்த அணுக்களில் தோன்றுபவை. அவை ரத்தப் புற்றுநோய்களில் சேரா.

என்ன அறிகுறி இருந்தால் சந்தேகப்பட வேண்டும்?

நோய் கண்ணின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். கண்ணின் உட்குழியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற தெளிந்த கூழிலும் விழித்திரையிலும் லிம்போமா வந்தால், பார்வை மங்கும். கண் முன்னே புள்ளிகளும் இழைகளும் மிதக்கும். ஆனால் வலியோ சிவப்போ பெரும்பாலும் இருக்காது. நடுவயதைக் கடந்தவர்களையே இது அதிகம் தாக்குகிறது. கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தால் தெரியும் இளஞ்சிவப்பு நிறத் தடிப்பு, வலியில்லாமல் மெல்ல மெல்ல ஒரு கண் முன்னே தள்ளி நிற்பது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது ஆகியவை வெண்விழியையும் இமையின் உட்புறத்தையும் மூடியிருக்கும் இமையிணைப் படலத்திலோ கண்குழியிலோ வரும் லிம்போமாவின் அறிகுறிகள். லுக்கீமியாவில் மாக்குலா எனப்படும் விழித்திரை மையத்தில் ரத்தம் கசிந்தால் பார்வையின் நடுப்பகுதி திடீரென்று மறையக்கூடும்.

எனக்கும் கண்ணில் புள்ளிகள் மிதக்கின்றன. பயப்பட வேண்டுமா?

வயது ஏற ஏற விட்ரியஸ் கூழ் சுருங்குவதால் புள்ளிகள் மிதப்பது மிகச் சாதாரணம். அப்படி வருபவர்களில் ஏறத்தாழ எல்லோருக்குமே புற்றுநோய் இருக்காது. புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ, மின்னல் வெட்டுவது போன்ற ஒளி தோன்றினாலோ, பார்வையில் திரை விழுந்தாலோ விழித்திரைக் கிழிசலை நினைத்து அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து போட்டும் மாதக்கணக்கில் தீராத, அல்லது தீர்ந்து மீண்டும் மீண்டும் வரும் மங்கல்தான் இந்தத் தொகுப்புக்கு உரியது.

முதலில் கண்ணுக்குள் அழற்சி என்றார்கள். இப்போது லிம்போமாவாக இருக்கலாம் என்கிறார்கள். முதல் மருத்துவர் தவறு செய்துவிட்டாரா?

அப்படி உடனே முடிவு கட்ட வேண்டாம். யூவியைட்டிஸ் எனப்படும் கண் உள்அழற்சியிலும் விட்ரியஸ் கூழில் அணுக்கள் நிறைந்து மங்கலாகத் தெரியும். லிம்போமாவிலும் அப்படியே தெரியும். அழற்சி பலருக்கும் வருவது, லிம்போமா அரிதினும் அரிது. ஆகவே எந்த மருத்துவரும் முதலில் அழற்சியைத்தான் நினைப்பார். காசநோய், சிபிலிஸ், டாக்சோபிளாஸ்மா, சார்காய்டோசிஸ், வைரஸால் வரும் விழித்திரை அழற்சி ஆகியவையும் இதே தோற்றத்தில் வரக்கூடியவை என்பதால், அவற்றுக்கான சோதனைகளை முதலில் செய்வதும் முறைதான்.

ஆனாலும் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் நிதானமாகப் பார்க்கும் கண் மருத்துவருக்குச் சில குறிப்புகள் கிடைக்கும். லிம்போமா அணுக்கள் அழற்சி அணுக்களைவிடச் சற்றுப் பெரியவை. அவை விட்ரியஸ் இழைகளின் மேல் வரிசையாகவும் திரைதிரையாகவும் படிந்திருக்கும். உள்ளே இவ்வளவு மங்கல் இருந்தும் நோயாளி எதிர்பார்த்ததைவிட அதிக வரிகளைப் படித்துவிடுவார். மாக்குலாவில் நீர்கோத்த வீக்கம் நாட்பட்ட அழற்சியில் அடிக்கடி வரும். லிம்போமாவில் அது பெரும்பாலும் காணப்படாது. வயது ஐம்பதைக் கடந்தவர், இதற்கு முன் அழற்சி வந்ததே இல்லை, இரண்டு கண்ணிலும் மங்கல், காரணம் எதுவும் பிடிபடவில்லை என்ற நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் லிம்போமாவைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

ஸ்டீராய்டு போட்டதும் பார்வை தெளிந்தது. புற்றுநோயாக இருந்தால் தெளியாது, இல்லையா?

தெளியும். இந்த நோயில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான் என்பதால், மற்றவற்றை விட்டாலும் இந்தப் பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள். அழற்சியை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு லிம்போமா அணுக்களையும் அழிக்கும். நோயின் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கும் சாதாரண அழற்சி அணுக்களையும் அடக்கும். ஆகவே மருந்தைத் தொடங்கியதும் மங்கல் குறைவது அழற்சிக்குச் சாட்சியாகாது. அளவைக் குறைத்ததும் மங்கல் திரும்புவது, பிறகு அதே அளவைக் கொடுத்தும் முன்போல் கேட்காமல் போவது என்ற போக்குதான் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். இப்படி ஏறி இறங்கியே பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல், கடந்துவிடுகின்றன.

இதனால் இன்னொரு கெடுதலும் உண்டு. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும்போது கண்ணிலிருந்து மாதிரி எடுத்தால், புற்றணுக்கள் சிதைந்தோ எண்ணிக்கையில் குறைந்தோ போயிருப்பதால் ஆய்வகத்துக்கு ஒன்றுமே அகப்படாமல் போகலாம். எனவே சந்தேகம் எழுந்தால், உடல்நிலை இடம் கொடுக்கும் பட்சத்தில், மாதிரி எடுப்பதற்கு இரண்டு வாரங்களாவது முன்பே ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்வது வழக்கம். நீண்ட நாள் மாத்திரையாக எடுத்தவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொல்லும் படிநிலையில்தான் குறைக்க வேண்டும். கண்ணுக்கு மட்டுமே ஸ்டீராய்டு கொடுத்தார்கள், மாத்திரை இல்லை என்பவர்களும், மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ அண்மையில் ஸ்டீராய்டு எடுத்தவர்களும் அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ரத்தப் பரிசோதனை முழுவதும் சரியாக இருக்கிறது. பிறகும் ஏன் விட மாட்டேன் என்கிறார்கள்?

ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசிப் பார்க்கும் சோதனையும் லுக்கீமியாவைக் காட்டிக்கொடுப்பதில் வல்லவை. கண்ணில் ரத்தக்கசிவுடன் வந்தவருக்கு வெள்ளணுக்கள் தாறுமாறாகக் கூடியிருப்பதோ, தட்டணுக்கள் கடுமையாகக் குறைந்திருப்பதோ அந்த ஒரே சோதனையில் தெரிந்துவிடலாம். கண்ணுக்குள்ளேயே தோன்றும் லிம்போமாவில் நிலைமை வேறு: ரத்தமும் மஜ்ஜையும் முற்றிலும் இயல்பாக இருக்க, நோய் கண்ணுக்குள் மட்டும் ஒளிந்திருக்கும்.

காரணம், கண்ணின் உட்பகுதி எதிர்ப்பு மண்டலத்தின் கெடுபிடி குறைந்த இடம். உலக சுகாதார அமைப்பு 2022-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் மூளை, கண், விரை ஆகிய மூன்று இடங்களிலும் தோன்றும் பெரிய பி அணு (நிணநீர் அணுக்களில் ஒரு வகை) லிம்போமாவை ஒரே தலைப்பின் கீழ் சேர்த்திருக்கிறார்கள். அந்த மூன்று இடங்களுமே அப்படிப்பட்டவை. ஆண்களுக்குக் கண்ணில் லிம்போமா என்று சந்தேகிக்கும்போது விரையையும் ஸ்கேன் செய்யச் சொல்வது இதனால்தான். தொடர்பே இல்லாத சோதனை என்று பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

இத்தனை நவீன ஸ்கேன் கருவிகள் இருக்கின்றனவே, அதிலேயே சொல்லிவிட முடியாதா?

சந்தேகத்தை வலுப்படுத்தலாம்; உறுதி செய்ய முடியாது. விழித்திரையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில், விழித்திரையின் அடியிலுள்ள நிறமிப் படலத்துக்குக் கீழே லிம்போமா அணுக்கள் மேடுமேடாகத் திரண்டிருப்பது தெரியும். சில நாள்கள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் அந்த மேடுகள் இடம் மாறியிருப்பதும், பழைய இடம் தேய்ந்திருப்பதும் புலப்படும். நிறமிப் படலத்தின் சுய ஒளிர்வைப் படம் பிடித்தால் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற தோற்றம் கிடைப்பதுண்டு. ஃப்ளூரசின் சாயம் செலுத்தி எடுக்கும் படத்தில், அழற்சியில் காணும் அளவுக்கு ரத்தநாளக் கசிவு இருக்காது.

விழித்திரைக்கும் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற ரத்தநாளப் படலத்தில் வரும் லிம்போமாவுக்கு மட்டும் அல்ட்ராசவுண்டின் மதிப்பு தனி. அந்தப் படலம் தடித்திருப்பதையும், நோய் கண்ணின் வெளிச்சுவரைத் தாண்டிப் பின்பக்கம் எட்டிப்பார்ப்பதையும் அது காட்டும். அப்படி வெளியே நீண்ட பகுதி கைக்கு எட்டினால் அங்கிருந்தே திசு எடுத்துவிடலாம், கண்ணுக்குள் போக வேண்டிய தேவையே வராது.

கண்ணுக்குள்ளிருந்து எப்படி மாதிரி எடுப்பார்கள்? பார்வை போய்விடுமா?

விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சை மூலம் எடுப்பார்கள். வெண்விழியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள மூன்று துளைகள் வழியாகக் கருவிகளைச் செலுத்தி, கூழைச் சிறிது சிறிதாக வெட்டி உறிஞ்சுவார்கள். கண்ணை மரத்துப்போகச் செய்துவிடுவதால் வலி இருக்காது. கண்ணில் மொத்தமே ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் விட்ரியஸ் கூழ்தான் உண்டு. அதில் 1 முதல் 2 மில்லிலிட்டர் வரை, உப்புநீர் உள்ளே பாய்வதற்கு முன்பே கலப்பில்லாமல் எடுப்பதுதான் மிக முக்கியம். அதன் பிறகு உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே மீதிக் கூழை எடுப்பார்கள். நீர்த்த அந்த மாதிரியையும் வீணாக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

கண்புரை விரைவாக வருவது, விழித்திரை பிரிவது, ரத்தக்கசிவு, அரிதாகக் கிருமித்தொற்று ஆகியவை இந்த அறுவையின் ஆபத்துகள். மறுபக்கத்தில், மங்கலான கூழ் அகற்றப்படுவதால் பலருக்குப் பார்வை தெளிவதும் உண்டு. கூழில் அணுக்கள் இல்லாமல் விழித்திரைக்கு அடியில் மட்டும் படிவு இருந்தால் அந்தப் படிவிலிருந்தே துணுக்கு எடுக்க வேண்டிவரும். அதன் ஆபத்து கூடுதல் என்பதால், வேறு வழி இல்லாதபோதுதான் அதைச் செய்வார்கள்.

கத்தியோ ஊசியோ பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?

இந்த அச்சத்துக்குக் கண் மருத்துவத்தில் ஓர் உண்மையான வேர் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன ரெட்டினோபிளாஸ்டோமாவில் கண்ணைத் துளைத்தால் புற்றணுக்கள் கண்குழிக்குள் சிந்தக்கூடும். ஆகவே அந்த நோயில் துளையிட்டுத் திசு எடுப்பதைத் தவிர்த்து, தோற்றத்தையும் ஸ்கேனையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். லிம்போமாவுக்கு அந்த விதியைப் பொருத்தக் கூடாது. அது எப்படியும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் சிகிச்சை பெறும் நோய். துளை வழியாக அணுக்கள் வெளியேறி நோய் வளர்வது மிக அரிது. மாதிரி எடுக்காமல் தள்ளிப்போடுவதால் இழப்பதுதான் அதிகம்.

இவ்வளவு பெரிய அறுவை எதற்கு? கண்ணின் முன்பக்க நீரை ஊசியால் எடுத்தால் போதாதா?

சில நேரங்களில் போதும். கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நீரில் 0.1 மில்லிலிட்டர் அளவுக்கு மெல்லிய ஊசியால் எடுப்பது சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. அந்த நீரில் முழு அணுக்கள் குறைவாக இருந்தாலும், எதிர்ப்பு அணுக்கள் செய்தி அனுப்பச் சுரந்து அதில் கரைந்திருக்கும் இன்டர்லூகின் புரதங்களையும் புற்றணுக்கள் உதிர்த்த மரபணுத் துணுக்குகளையும் அளக்க முடியும். சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ, சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று கவனிக்கவோ இது நல்ல வழி. ஆனால் முதன்முறை நோயை உறுதி செய்யும்போது அணுக்களைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்துவதையே பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புகிறார்கள். கடும் மருந்துகளைத் தொடங்குவதற்கு முன் அந்தப் பிடிவாதம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எடுத்த மாதிரியை வைத்து ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்? ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள்?

லிம்போமா அணுக்கள் மிக மென்மையானவை. கண்ணை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்தில் சிதையத் தொடங்கிவிடும். ஆகவே அறுவை நடக்கும் நாளையும் நேரத்தையும் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லி, மாதிரி வந்ததும் கையிலெடுக்க ஒருவரைத் தயாராக நிறுத்திவைப்பார்கள். வாரக் கடைசியிலோ மாலை நேரத்திலோ இந்த அறுவையை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சில மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டு நோயாளிகள் வருத்தப்படுவதுண்டு. ஆய்வகம் மூடியிருக்கும்போது எடுத்த மாதிரி பாழாகும் என்பதே அதற்குக் காரணம்.

நுண்ணோக்கியில் பார்ப்பவர் தேடுவது இதை: சாதாரண நிணநீர் அணுவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய அணு, அணுவை ஏறத்தாழ முழுவதும் அடைத்துக்கொண்ட ஒழுங்கற்ற உட்கரு, அதற்குள் பளிச்சென்று தெரியும் உட்கருமணி, சுற்றிலும் செத்த அணுக்களின் சிதைவுகள். சிக்கல் என்னவென்றால், இப்படிப்பட்ட அணுக்கள் ஒரு தகட்டில் ஐந்தோ பத்தோ மட்டும் இருக்க, அவற்றைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கில் நிணநீர் அணுக்களின் இன்னொரு வகையான சாதாரண டி அணுக்கள் நிறைந்திருக்கும். மாதிரியின் ஒரு பகுதியை, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவிக்கு அனுப்பி, சி.டி.19, சி.டி.20 என்ற அடையாளங்களைத் தாங்கிய பி அணுக்கள் இருக்கின்றனவா, அவை எல்லாம் ஒரே அணுவின் வழித்தோன்றல்களா என்று பார்ப்பார்கள். இன்னொரு பகுதி மரபணுச் சோதனைக்கும், மற்றொரு பகுதி இன்டர்லூகின் அளவுக்கும், தேவைப்பட்டால் கிருமிச் சோதனைக்கும் போகும். இவ்வளவும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த மாதிரியிலிருந்து நடக்க வேண்டும் என்பதால், எதை முதலில் செய்வது என்று கண் மருத்துவரும் ஆய்வக மருத்துவரும் முன்பே பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

ரிப்போர்ட்டில் இன்டர்லூகின் விகிதம் என்றும் எம்.ஒய்.டி.88 என்றும் எழுதியிருக்கிறது. அவை என்ன?

பி அணு லிம்போமா இன்டர்லூகின்-10 என்ற புரதத்தை அதிகம் சுரக்கும். அழற்சியில் இன்டர்லூகின்-6 அதிகமாக இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் விகிதம் 1-ஐத் தாண்டினால் லிம்போமாவின் பக்கம் சாய்கிறது என்று கொள்வார்கள். அது தனித்து நின்று தீர்ப்புச் சொல்லும் அளவன்று. டி அணு லிம்போமா, அரிதாக இருந்தாலும், கண்ணில் வரும். அதில் இந்த விகிதம் கூடாமலே இருந்துவிடலாம்.

எம்.ஒய்.டி.88 ஒரு மரபணுவின் பெயர். அது உருவாக்கும் புரதத்தின் 265-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் புரோலின் என்ற அமினோ அமிலம் வந்துவிடும் பிழை, விட்ரியஸ்-விழித்திரை லிம்போமா உள்ளவர்களில் பத்தில் ஏழு பேருக்கோ அதற்கு மேலோ காணப்படுகிறது. சாதாரண அழற்சியில் இந்தப் பிழை இருப்பதில்லை. ஆகவே அது இருந்தால் மிக வலுவான சான்று. இல்லாவிட்டால் அதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. பி அணுக்களின் மெதுவாக வளரும் புற்றான வால்டன்ஸ்ட்ராம் நோயிலும் இதே பிழை மிகப் பொதுவாகக் காணப்படுவதால், ஏற்கெனவே அந்த நோய் உள்ளவரிடம் ரிப்போர்ட்டைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும்.

‘புற்றணுக்கள் காணப்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இனி நிம்மதியாக இருக்கலாமா?

மருத்துவரின் சந்தேகம் எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். ஸ்டீராய்டு நிறுத்தப்படாமல் இருந்தது, மாதிரி நீர்த்துப்போயிருந்தது, ஆய்வகத்துக்குத் தாமதமாகச் சென்றது, கண்புரை அறுவையின்போது தற்செயலாக எடுத்த சிறு துளியை மட்டும் அனுப்பியது ஆகிய எந்தக் காரணத்தாலும் இருக்கும் நோய் தென்படாமல் போகலாம். ரிப்போர்ட்டில் ‘மாதிரி போதுமானது’ என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது எழுதப்படாத ‘இல்லை’யை நான் ‘தெரியவில்லை’ என்றே படிப்பேன்.

தோற்றமும் போக்கும் லிம்போமாவையே சுட்டும்போது, மறு கண்ணிலிருந்தோ அதே கண்ணின் வேறு பகுதியிலிருந்தோ மீண்டும் எடுப்பது வழக்கத்துக்கு மாறானதில்லை. முதல் ரிப்போர்ட்டை நம்பி ஸ்டீராய்டை மறுபடி தொடங்கிவிட்டால், மேலே சொன்ன அதே சுழலுக்குள் திரும்பப் போய்விடுவோம்.

நோய் கண்ணில்தானே? மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் முதுகில் ஊசியும் எதற்கு?

விழித்திரை மூளையின் நீட்சி. அங்கே தோன்றும் லிம்போமாவும் மூளையில் தோன்றும் லிம்போமாவும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். மூளையில் லிம்போமா கண்டறியப்படுபவர்களில் 15 முதல் 25 சதவீதம் பேருக்கு அப்போதே கண்ணிலும் நோய் இருக்கிறது. கண்ணில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பின்னாளில் மூளையிலும் வருகிறது. ஆகவே நோய் இருக்கும் இடத்தைப் பளிச்சென்று காட்டும் காடோலினியம் என்ற பொருளைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. இன்றியமையாதது. அதில் மூளையழுத்தம் கூடியிருக்கவில்லை என்று தெரிந்த பிறகே முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுப்பார்கள். உடலின் மற்றப் பகுதிகளில் நோய் உண்டா என்று பார்க்க பெட்-சி.டி. ஸ்கேனும், எதிர்ப்பாற்றல் நிலையை அறிய எச்.ஐ.வி. சோதனையும் உடன் சேரும்.

இந்த வரிசையில் நோயாளிக்கு ஓர் ஆதாயமும் உண்டு. தண்டுவட நீரிலேயே புற்றணுக்கள் கிடைத்துவிட்டால் கண் அறுவை தேவைப்படாமல் போகலாம். மூளையின் ஆழத்தில் ஒரு கட்டி தெரிந்து, கண்ணிலும் அணுக்கள் இருந்தால், மண்டையோட்டைத் துளைப்பதற்குப் பதிலாகக் கண்ணிலிருந்தே மாதிரி எடுத்து இரண்டையும் ஒருசேர உறுதி செய்துவிடலாம்.

வெண்விழியில் இளஞ்சிவப்பாக ஒரு தடிப்பு இருக்கிறது. அதற்கும் இதே சோதனைகளா?

இது பெரும்பாலும் வேறு கதை. இமையிணைப் படலம், கண்ணீர்ச் சுரப்பி, கண்குழி ஆகியவற்றில் வரும் லிம்போமாக்களில் மிகப் பொதுவானது மால்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மெதுவாக வளரும் வகை. மூளைக்குப் பரவும் அச்சம் இதில் மிகக் குறைவு. ஸ்கேனில் அது எலும்பை அரிக்காமல் விழிக்கோளத்தின் வளைவை ஒட்டியே படர்ந்திருப்பது தெரியும். திசு எடுப்பதும் எளிது. எடுத்ததில் ஒரு பகுதியைத் திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினிலும் இன்னொரு பகுதியை ஃபார்மலின் படாமல் அப்படியேயும் அனுப்பச் சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்ய முடியாது.

இரண்டு கண்ணீர்ச் சுரப்பிகளும் ஒருசேர வீங்கியிருந்தால் ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்புப் புரதம் சார்ந்த, புற்றல்லாத அழற்சி நோயையும் சேர்த்து யோசிப்பார்கள். சில பகுதிகளில் கிளமிடியா சிட்டசி என்ற கிருமியுடன் இந்த லிம்போமாவுக்குத் தொடர்பு காணப்பட்டிருப்பதால் அதற்கும் சோதிப்பது உண்டு. உடலின் வேறிடத்தில் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் இவர்களுக்கும் தேவை.

லுக்கீமியா நோயாளிக்குக் கண்ணில் ரத்தக்கசிவு என்கிறார்கள். புற்றுநோய் கண்ணுக்கும் பரவிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. விழித்திரையில் சிதறிய ரத்தப் புள்ளிகள், ரோத் புள்ளிகள் எனப்படும் நடுவில் வெளுத்த கசிவுகள், பஞ்சுத் துணுக்கு போன்ற வெண்திட்டுகள் ஆகியவை முதல் பதிலில் சொன்ன இரண்டாம் வகையில், அதாவது ரத்தசோகையாலும் தட்டணுக் குறைவாலும் வருபவை. அன்றைய ரத்த எண்ணிக்கையை அருகில் வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும். எண்ணிக்கை சீரானதும் அவை மெல்ல மறையும். ரோத் புள்ளியைக் கண்டதும் லுக்கீமியா என்று சொல்லிவிடவும் முடியாது. இதய உட்சவ்வுத் தொற்றிலும் நீரிழிவிலும் அது வரும்.

அணுக்களே வந்து பார்வை நரம்பில் குடியேறுவதுதான் அவசரம். பார்வை விரைந்து குறைய, நரம்பின் முனை வீங்கித் தெரிந்தால் அன்றே எம்.ஆர்.ஐ.யும் தண்டுவட நீர்ச் சோதனையும் செய்ய வேண்டும். அதே வீக்கம் மூளையழுத்தம் கூடியதாலும் வரலாம். ஒருவகை லுக்கீமியாவுக்குக் கொடுக்கும் ரெட்டினாயிக் அமிலம் என்ற மருந்தே சிலருக்கு அந்த அழுத்தத்தைக் கூட்டும். ஆகவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் கையில் இருக்கட்டும். வெண்திட்டுகள் நாளுக்கு நாள் விரிந்தால் சைட்டோமெகலோ வைரஸ், பூஞ்சை போன்ற தொற்றுகளைத் தேடிக் கண்ணின் நீரைச் சோதிப்பார்கள். தொற்றையும் புற்றையும் குழப்பிக்கொண்டால் சிகிச்சை தலைகீழாகிவிடும்.

குழந்தைக்கு லுக்கீமியா சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது கண் சிவந்திருக்கிறது. சாதாரணக் கண்வலிதானே?

சாதாரணக் கண்வலியாகவே இருக்கலாம். ஆனால் ஸ்லிட் லேம்பில் பார்க்காமல் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. பல மருந்துகள் போதிய அளவில் எட்டாத இடமாகக் கண் இருப்பதால், மஜ்ஜையில் நோய் அடங்கியிருக்கும்போதே கண்ணில் மீண்டும் தலைதூக்கலாம். கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகவோ ரத்தம் கலந்தோ ஒரு மெல்லிய படிவு தேங்கி நிற்பதும், பாப்பாவைச் சுற்றியுள்ள நிறப்படலம் ஒரு கண்ணில் நிறம் மாறித் தடித்திருப்பதும் அதன் அடையாளங்கள். சீழ் என்று நினைத்துச் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருக்காமல் முன்பக்க நீரை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். உடனே மஜ்ஜையையும் தண்டுவட நீரையும் சோதிப்பார்கள்.

சில குழந்தைகளுக்குக் கண்குழியில் வேகமாக வளரும் கட்டியே மைலாய்டு வகை லுக்கீமியாவின் முதல் அறிகுறியாக, ரத்தத்தில் எதுவும் தெரியும் முன்பே, வருவதுண்டு. தசைக் கட்டி என்று எண்ணப்படும் அந்தத் திசுவில், மைலாய்டு அணுக்களின் நொதியைக் காட்டும் மைலோபெராக்சிடேஸ் சாயச் சோதனை செய்தால் உண்மை வெளிப்படும்.

கண் பார்த்த மருத்துவர் ரத்தம் தடித்திருக்கிறது என்று ரத்தநோய் மருத்துவரிடம் அனுப்பினார். கண்ணைப் பார்த்து அதை எப்படிச் சொன்னார்?

விழித்திரை நாளங்களை வெறும் ஒளியாலேயே பார்த்துவிடலாம். இரண்டு கண்களிலும் சிரைகள் புடைத்து வளைந்து, இடையிடையே இறுகிக் கோத்த மணிகளைப் போலத் தெரிந்தால் ரத்தத்தில் புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்டன்ஸ்ட்ராம் நோயில் ஐ.ஜி.எம். என்ற பெரிய புரதமும், சில மைலோமாக்களில் வேறு புரதங்களும் இப்படி மிகுகின்றன. ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சீரம் எலெக்ட்ரோஃபோரெசிஸ், சீரத்தின் பிசுபிசுப்பு அளவு, எலும்பு மஜ்ஜை ஆகிய சோதனைகள் காரணத்தைச் சொல்லும். பிசுபிசுப்பு 4 சென்டிபாய்ஸைத் தாண்டும்போதுதான் பொதுவாகத் தொந்தரவுகள் தொடங்குகின்றன. பார்வை மங்கலுடன் மூக்கில் ரத்தம் வடிதலும் தலைச்சுற்றலும் சேர்ந்திருந்தால் எல்லா ரிப்போர்ட்டும் வரட்டும் என்று காத்திருக்காமல் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். நாள்பட்ட லுக்கீமியாவில் வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் பெருகும்போதும் சிரைகள் இதே போலத் தோன்றும். ரத்த எண்ணிக்கை அதைப் பிரித்துக் காட்டிவிடும்.

எல்லாச் சோதனையும் முடிந்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள். இனி என்ன செய்வது?

முதலில், ஏற்கெனவே எடுத்த தகடுகளைக் கண் நோய்த்திசுக்களைப் பார்த்துப் பழகிய இன்னொரு ஆய்வக மருத்துவரிடம் காட்டலாம். புதிய அறுவை எதுவும் தேவைப்படாத வழி இது, ஏனோ கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. அணுக்கள் தெளிவாக இல்லாவிட்டாலும், எம்.ஒய்.டி.88 பிழை, இன்டர்லூகின் விகிதம், ஓ.சி.டி. தோற்றம், நோயின் போக்கு ஆகிய அனைத்தும் ஒரே பக்கம் சாயும்போது, கண் மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் ஆய்வக மருத்துவரும் கூடிப் பேசி லிம்போமா என்று முடிவெடுத்துச் சிகிச்சை தொடங்குவதும் உண்டு.

சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஸ்டீராய்டு கொடுக்காமல் சில வாரங்களுக்கு ஒருமுறை கண்ணைப் படம் பிடித்து ஒப்பிட்டு வருவார்கள். விழித்திரைக்கடியில் புதிய படிவு தோன்றினால் அங்கிருந்து மாதிரி எடுக்கலாம். குறிப்பிட்ட இடைவெளியில் மூளை எம்.ஆர்.ஐ.யும் திரும்ப எடுப்பார்கள். இந்த இடைக்காலத்தில் பேச்சுத் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், குணமாற்றம், வலிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே செல்ல வேண்டும். போகும்போது ஓ.சி.டி. படங்கள், ஆய்வக ரிப்போர்ட்டுகள், ஸ்டீராய்டு எப்போது எந்த அளவில் தொடங்கி எப்போது நிறுத்தப்பட்டது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரே உறையில் எடுத்துச் செல்லுங்கள்.